ஆளுக்கு மூன்று மணி நேரம்

தம்பிக்கு முதலில் முகம்தான் வீங்கியது. திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் அவன் கண்டக்டர். விடியுமுன் எழுந்து முதல் டிரிப்புக்கு ஓடுகிறவன் என்பதால் தூக்கம் கெட்ட முகம் என்றே நினைத்தோம். பிறகு கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் போயிற்று. ஒரு நாள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு வாங்கி, ஆழ்வார்திருநகரியில் பஸ்ஸை நிறுத்தி அவனை இறக்கிப் படுக்க வைத்திருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் டாக்டர் பார்த்துவிட்டு, சிறுநீரகம் இரண்டுமே போய்விட்டது என்றார். தம்பிக்கு அப்போது முப்பது முடியவில்லை. பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவருக்கு மதுரையில் வேலை, சனி ஞாயிறு வருவார். தம்பியை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். என் சிறுநீரகம் அவனுக்குச் சேராது என்று சோதனையில் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, அவளிடம் எடுக்க முடியாது. மிச்சம் இருந்தது டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்து, மிஷினில் கழுவி, திரும்ப உடம்புக்குள் விடுவது. வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். உயிர் இருக்கிற வரைக்கும்.

ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் அந்த மிஷின் இருந்தது. ஒன்றே ஒன்று. எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்து அறையில், பச்சைத் திரைக்குப் பின்னால். எங்களுக்கு உடனே இடம் கிடைத்தது. அதற்கு நன்றி சொல்ல வாயெடுத்தபோது, அதுவரை அந்த நேரத்தில் படுத்திருந்தவர் போன வாரம் இறந்துபோனார் என்று டெக்னீஷியன் சொன்னான். அவனும் களைத்துப்போனவன். செய்தியைச் சொல்வதுபோல்தான் சொன்னான். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் நாட்கள்.

தம்பிக்கு ஊசியைவிட, நாலு மணி நேரம் அசையாமல் படுத்திருப்பதைவிட, தாகம்தான் பெரிய தண்டனை. குடிக்கும் தண்ணீர் வெளியே போக வழியில்லாததால் ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் கூடாது. காபியும் குழம்பும் அந்தக் கணக்கில் சேரும். இளநீரும் வாழைப்பழமும் அவனுக்கு விஷம். ஊரெல்லாம் வாழை, ஆறு நிறையத் தண்ணீர். சித்திரை வெயிலில் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்புவான். துப்புகிறானா விழுங்குகிறானா என்று நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். பார்க்கிறேன் என்பது அவனுக்கும் தெரியும். அந்த வருஷம் முழுக்க நாங்கள் பேசிக்கொண்டதைவிட இப்படிப் பார்த்துக்கொண்டதுதான் அதிகம்.

எங்கள் நாட்களில் மொத்தம் மூன்று பேர். காலையில் தம்பி. பகலில் ராதாபுரம் பக்கத்திலிருந்து வரும் ஒருவர். கொஞ்சம் பனையும் கொஞ்சம் முருங்கையும் வைத்திருந்தவர், வயது நாற்பத்தைந்து இருக்கும். வள்ளியூர் வந்து பஸ் மாறி அவரும் மனைவியும் வந்து சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். கடைசியாக ஒரு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் சொன்னவர், எல்லோருக்கும் அவர் சார்வாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற அதே வெள்ளை வேட்டி சட்டையில்தான் டயாலிசிஸுக்கும் வருவார். கூட மருமகள் வருவாள். மாமனார் உள்ளே போனதும் பெஞ்சில் சாய்ந்து அப்படியே தூங்கிவிடுவாள்.

நான் ஹெட்மிஸ்ட்ரஸிடம் கெஞ்சி அந்த இரண்டு நாளும் காலை வகுப்புகளை மாற்றி வைத்திருந்தேன். சில சமயம் தம்பியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடி, முடியும் நேரத்துக்குத் திரும்ப வருவேன். அந்த வராந்தா பெஞ்சில் நாங்கள் நெருங்கிவிட்டோம். ராதாபுரத்துக்காரர் மனைவி என் பையைப் பார்த்துக்கொள்வாள். நான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். சார்வாளின் மருமகள் எங்கள் இருவருக்கும் ஃபிளாஸ்க்கில் காபி வைத்திருப்பாள்.

ஆடி மாதம் ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரகம் கெட்டுப்போனது. அவளுடைய அப்பா திருச்செந்தூரில் கோயிலுக்குப் போகும் வழியில் தேங்காய், மாலை விற்கிற கடை வைத்திருந்தார். புருஷன் வீட்டார் அப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டதோடு சரி. குழந்தை தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. அவளுடைய அப்பா எங்கள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டு கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே எட்டிப்பார்த்தார். அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் டாக்டர் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். மற்ற நாட்களில் ஏற்கெனவே நாலு நாலு பேராக நெருக்கியாகிவிட்டது, எங்கள் நாட்களில் மட்டும்தான் மூன்று பேர் என்றார். ஆளுக்கு ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்தால் அந்தப் பெண்ணுக்கு மூன்று மணி நேரம் கிடைக்கும். மூன்று மணி நேரம் போதுமா என்று கேட்டேன். போதாது, ஆனால் அவளுக்கு இப்போது ஒன்றுமே இல்லை என்றார். தானாக உத்தரவு போட மனமில்லை, நீங்களே பேசிச் சொல்லுங்கள் என்று எழுந்துபோய்விட்டார். அவர்மேல் அன்று எனக்கு வந்த கோபத்தில் பாதி, முடிவை எங்கள் மடியில் போட்டதற்காக.

சார்வாள்தான் முதலில் பேசினார். வரிசை என்றால் வரிசை என்றார். முதலில் வந்தவனுக்கு முதலில், மற்றவன் காத்திருக்க வேண்டும். நாற்பது வருஷம் பிள்ளைகளை அப்படித்தான் நிறுத்தினேன், இரக்கப்பட்டு ஒருவனை நடுவில் விட்டால் வரிசையே கலைந்துவிடும் என்றார். அவர் தனக்காகத்தான் பேசினார், அதை மறைக்கவும் இல்லை.

"வயசாயிட்டுன்னு எல்லாரும் என்னயப் பாக்கியோ. எனக்கும் உயிருதான."

ராதாபுரத்துக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பச்ச உடம்புக்காரி. கையில பிள்ள கெடக்கு. விட்ருவோம் சார்வாள்."

அவர் மனைவிக்கு முகம் மாறியது. "நீங்க சொல்லிட்டுப் போயிருவிய. ராத்திரி மூச்சு முட்டி ஒக்காந்திருக்கும்போது முதுகத் தடவுதது யாரு?"

தம்பி சிரித்தான். அவன் இறுதிவரை கண்டக்டராகத்தான் பேசினான். "பஸ்ஸுன்னா நின்னுக்கிட்டு வாங்கன்னு சொல்லிரலாம். இதுல நிக்க எடமில்லையே."

எல்லோருக்கும் ஒரே மாதிரி குறைக்காமல், யார் உடம்பு எவ்வளவு தாங்குமோ அதன்படி குறைக்க முடியாதா என்று எனக்குத் தோன்றியது. கணக்கு டீச்சர் புத்தி. வகுப்பில் பங்கு பிரிக்கும்போது சம பங்கும் உண்டு, விகிதப்படி பங்கும் உண்டு. ஆனால் விகிதத்தை எதை வைத்துப் போடுவது? வயதையா, குழந்தையையா, பஸ் பிரயாணத்தையா, எத்தனை மாதமாக வருகிறோம் என்பதையா? ஒவ்வொன்றையும் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் அடிபட்டார்கள். எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் எல்லோரும் எங்கள் உடம்பை ஒருவருக்கொருவர் காட்டி வழக்காடியிருப்போம். சமம் என்பது நியாயமோ இல்லையோ, அதைச் சொன்னால் சண்டை நின்றுபோகிறது. கடைசியில் சார்வாளின் மருமகள், அதுவரை வாயே திறக்காதவள், "மாமா, சரின்னு சொல்லுங்க" என்றாள். அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டு, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த செவ்வாயிலிருந்து ஆளுக்கு மூன்று மணி நேரம்.

அந்தப் பெண்ணுக்கு ராதாபுரத்துக்காரருக்கு அடுத்த நேரம் கிடைத்தது. ஒரு மாதத்தில் அவள் முகத்தில் மறுபடியும் ஒரு முகம் தெரிந்தது. அவள் அப்பா வாராவாரம் எங்கள் எல்லோருக்கும் கோயிலிலிருந்து இலை விபூதி கொண்டுவருவார். சார்வாளுக்கும் கொடுப்பார். அவர் கிறிஸ்தவர் என்று அந்த மனிதருக்கு யாரும் சொல்லவில்லை. சார்வாள் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வார்.

மற்ற மூன்று உடம்புகளும் இறங்க ஆரம்பித்தன. எல்லோருக்கும் ஒரே அளவுதான் குறைந்தது, ஆனால் எல்லோரும் ஒரே அளவு இறங்கவில்லை. தம்பிக்குக் கொஞ்சம் அலுப்பு, சாப்பாட்டில் வெறுப்பு. சார்வாளுக்கு அரிப்பு. ராதாபுரத்துக்காரர்தான் கண்ணெதிரே ஊதிப்போனார். வள்ளியூரில் பஸ் மாறும்போது அவரால் படியேற முடியவில்லை என்றும், யாரோ இரண்டு பேர் தூக்கி ஏற்றுகிறார்கள் என்றும் அவர் மனைவி சொன்னாள். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை தம்பியைக் கூட்டிப்போக நான் சரியான நேரத்துக்குத்தான் போனேன். அவன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். உள்ளே ராதாபுரத்துக்காரருக்கு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. விசாரித்தபோதுதான், சில வாரங்களாகவே அவன் அரை மணி நேரம் முன்னாலேயே எழுந்துவிடுகிறான் என்று தெரிந்தது. டாக்டரிடம் கேட்டு அந்த அரை மணியை அவருக்குக் கொடுத்திருக்கிறான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ கேட்டேன். என் லீவெல்லாம் யாருக்காகப் போகிறது என்றுகூடக் கேட்டேன். அவன் பைய எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"எனக்கு இன்னும் கொஞ்சமாவது ஒண்ணுக்குப் போகுதுக்கா. அவருக்குச் சுத்தமா இல்ல. ஒரே அளவுன்னா அது எப்படி ஒரே அளவு ஆகும்?"

"ஒனக்கும் நின்னுபோச்சுன்னா என்னலே செய்வ?"

"அப்பக் கேட்டு வாங்கிக்கிடுவோம்."

அவ்வளவு சுலபமாகச் சொன்னான். சில்லறை பாக்கி வைத்தவன் இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்வதுபோல. ராதாபுரத்துக்காரர் அந்த அரை மணியில் கொஞ்சம் தேறினார் என்பதும் உண்மை. ஐப்பசியில் அவர் யாரும் தூக்காமல் பஸ் ஏறினார். அவர் மனைவி என்னிடம் அதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மழையோடு கார்த்திகை வந்தபோது தம்பிக்கும் சிறுநீர் நின்றுபோயிற்று. இரண்டே வாரத்தில் கண்ணிமை வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. அந்த அரை மணி நேரம் இவனுக்குத் திரும்ப வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தம்பி கேட்க மாட்டேன் என்றான். கொடுத்ததை எந்த வாயால் கேட்பது என்றான். நான்தான் போனேன்.

ராதாபுரத்துக்காரர் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. தம்பியின் நிலைமையைச் சொல்லி, நேரம் திரும்ப வேண்டும் என்றேன். அவள் விசிறுவதை நிறுத்தினாள்.

"நீங்க கேக்கது நியாயந்தான் டீச்சர். ஆனா எங்கிட்டக் கேட்டா நான் தரமாட்டேன்னுதான் சொல்லுவேன். எப்படித் தருவேன்? நீங்க டாக்டர்கிட்டயே சொல்லிருங்க. எங்கிட்டக் கேக்காதீங்க."

அதைவிட நேர்மையாக யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை. டாக்டரிடம் சொன்னேன். மறுபடியும் ஆளுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. அடுத்த செவ்வாய் நான் போனபோது, பெஞ்சில் எனக்கு இடம் பிடித்துப் பையை வைத்திருந்தாள். நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

பொங்கல் கழிந்து ராதாபுரத்துக்காரரும் மனைவியும் வரவில்லை. முதல் நாள் பஸ் தவறியிருக்கும் என்று டெக்னீஷியன் காத்திருந்தான். அடுத்த தடவையும் காத்திருந்தான். அதற்கடுத்த வாரம் டாக்டர் யாரிடமும் கேட்காமல் நேரத்தை மாற்றி அமைத்தார். மூன்று பேர், ஆளுக்கு நாலு மணி நேரம். அந்த வாரம் தம்பி நன்றாகத் தூங்கினான். ரசம் சோறு கேட்டுச் சாப்பிட்டான். அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கும் பல மாதங்களுக்குப் பிறகு தூக்கம் வந்தது. அது எப்படி வந்தது என்று தெரிந்தும் வந்தது. உடம்பு நியாயம் கேட்டுக்கொண்டா தூங்குகிறது?

மாசியில் ஒரு நாள் அவள் மட்டும் வந்தாள். கையில் ஒரு கட்டுப் பனங்கிழங்கு. ஒங்க தம்பிக்குக் குடுத்துராதிய, நீங்க அவிச்சுத் தின்னுங்க என்று சொல்லித்தான் நீட்டினாள். புருஷன் பொங்கலுக்கு மறுநாள் இனிமேல் பஸ் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அலுத்துப்போச்சு, என்னய விட்ருங்க என்றாராம். பத்து நாள் இருந்திருக்கிறார். கடைசி இரண்டு நாள் கேட்ட மட்டும் தண்ணீர் கொடுத்தேன் டீச்சர், ஆசை தீரக் குடித்தார் என்றாள். அழவில்லை.

பிறகு கேட்டாள்: "எங்க நேரத்த என்ன செஞ்சிய?"

எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொண்டோம் என்றேன்.

அவள் யோசித்தாள். "அந்தத் திருச்செந்தூர்ப் பிள்ளைக்குக் கொஞ்சம் கூடக் குடுத்திருக்கலாம்" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். போகும்போது அந்தப் பெண்ணின் அப்பா நிற்கும் சுவரோரம் போய் அவரிடம் ஏதோ பேசினாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தப் பெண் கோடையில் மதுரைக்குப் போய்விட்டாள். அங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கி டயாலிசிஸ் செய்துகொண்டு, அவளுடைய அம்மாவின் சிறுநீரகத்தை வைக்க ஏற்பாடு என்றார்கள். வைத்தார்களா, பிழைத்தாளா என்பது எனக்குத் தெரியாது. பிழைத்திருந்தால் அந்தக் குழந்தை இந்நேரம் கல்யாண வயதையும் தாண்டியிருக்கும்.

தம்பி அந்த ஆவணியில் போனான். ஒரு புதன்கிழமை மத்தியானம், நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது. அம்மா கூட இருந்தாள். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவன், அம்மா கூப்பிட்டபோது எழவில்லை. அவனுக்கு நாலு மணி நேரமும் கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே நேரத்தைக் குறைத்ததால் அவன் போனான் என்றோ, அந்த அரை மணியால் போனான் என்றோ சொல்ல எனக்கு வழியில்லை. ராதாபுரத்துக்காரர் விஷயத்திலும் அப்படித்தான். யாரால் யார் போனார்கள் என்று ஒருநாளும் சொல்ல முடியாது. அது ஆறுதல் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது இன்னொரு அலுப்பாகத்தான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்த அவன் கம்பளியை எடுத்துவரப் போனேன். காலை நேரம். திரைக்குப் பின்னால் அவன் இடத்தில் ஒரு புது ஆள் படுத்திருந்தார். வெளியே பெஞ்சில் அவர் மனைவி. புது இடத்துக்கு வந்தவர்களின் அந்த மிரட்சியான நன்றி அவள் முகத்தில் இருந்தது. உடனே இடம் கிடைத்துவிட்டது, சாமி புண்ணியம் என்று அவளாகவே சொன்னாள். அந்த இடம் யாருடையது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மிஷின் ஓடும்போது உடம்பு குளிரும், கம்பளி கொண்டுவரச் சொல்லியிருக்க மாட்டார்களே என்று கேட்டேன். இல்லை என்றாள். கையில் இருந்ததை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில் சார்வாளின் மருமகளைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. சார்வாள் இருக்கிறாரா என்று கேட்கத் தயங்கினேன். அவளே சொன்னாள், நன்றாக இருக்கிறார், எங்கள் செட்டில் அவர் ஒருவர்தான் மிச்சம் என்று. ஆஸ்பத்திரிக்கு இரண்டாவது மிஷின் வந்துவிட்டதாம். இப்போது எல்லோருக்கும் நாலு மணி நேரம், புதிதாக வருகிறவர்களையும் திருப்பி அனுப்புவதில்லை. நல்ல காலம் வந்துவிட்டதே, இனிமேல் அந்த வராந்தாவில் வழக்கு இருக்காதே என்றேன்.

அவள் கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"எங்க டீச்சர்? பழைய மிஷின்ல கழுவுனா சுத்தமாக மாட்டேங்குதாம். புதுசுலதான் படுப்பேன்னு அத்தன பேரும் நிக்காக. மாமாதான் முதல் ஆளு. நான் எத்தன வருஷமா வாரேன், நேத்து வந்தவன் புதுசுல படுக்கானேன்னு டாக்டர்கிட்டச் சண்ட."

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். நீங்களே பேசி முடிவு பண்ணுங்க என்று எழுந்து போய்விட்டாராம். அதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது. கூட்டம் நெரிந்தது. அவள் முண்டியடித்து ஏறி, உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி எனக்குத் தலையசைத்தாள்.